குத்துச்சண்டை கேசட்

அந்த வீடியோ கேமில் இரண்டே பொத்தான்கள்தான், ஐயா. இடது குத்துக்கு ஒன்று, வலது குத்துக்கு ஒன்று. பழைய சாமான் கடையில் கிடைத்தது. கேசட்டை ஊதிச் செருகினால்தான் டிவியில் படம் வரும். என் கணவருக்காக நான்தான் வாங்கினேன்.

அவர் நிஜக் குத்துச்சண்டைக்காரர். கடைசிப் போட்டியில் தலையில் விழுந்த அடியில் இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். கொடுத்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

பிறகு வலிப்பு வந்தது. டாக்டர் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார். "ஒரு வருஷம் வலிப்பு வரலைன்னா மறுபடி போட்டியப் பத்திப் பேசலாம். பளிச் பளிச்சுன்னு மின்னுற வெளிச்சம் மட்டும் ஆகாது" என்றார்.

பதினொரு மாதம் வரவில்லை. பயிற்சியாளர் புதுக் கையுறை கொண்டுவந்தார். வேண்டாமென்று கணவரின் காலைப் பிடித்தேன். "இன்னும் ஒரு மாசந்தான், ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

ஒரே ஒரு வலிப்பு வந்தால் போதும் எனக்கு, ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாத்திரை டப்பாவில் அதே நிறச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். பத்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் இந்த விளையாட்டு கண்ணில் பட்டது. எதிராளி விழுந்தால் திரை முழுக்க வெள்ளையாக வெட்டி வெட்டி மின்னும்.

ஞாயிறு மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

"டாக்டர் ஆகாதுன்னாரே?" என்று கேட்டார்.

"சின்னப் பிள்ளைங்க ஆடுறதுங்க இது" என்றேன்.

நம்பினார். நான் எது சொன்னாலும் நம்புவார். நாலு பேரை வீழ்த்தினார். கண் வலிக்கிறது, போதும் என்றார். "இன்னும் ஒருத்தன்தானே, முடிச்சிடுங்க" என்றேன்.

ஐந்தாமவன் விழுந்தான். திரை மின்னியது. அவர் சரிந்தார்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தலையணை வைத்தேன். எல்லாம் முறைப்படிதான். வலிப்பு ஐந்து நிமிடம் நீடித்தால் போட்டிக்கு வாழ்நாளுக்கும் அனுமதி கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் கடிகாரத்தைப் பார்த்தபடி, அவர் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது நிமிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வருவதற்குள் உடம்பு அடங்கிவிட்டது. வலிப்புதான் நின்றுவிட்டதென்று முதலில் சந்தோஷப்பட்டேன்.

மாத்திரையை மாற்றியவள் நான். நேரம் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அழுகை இன்னும் நிற்கவில்லைதான். ஆனாலும் ஐயா, இனி யாரும் அவரைத் தலையில் அடிக்க முடியாது.