ஆஞ்சலா வெளுத்த கதை

விழாவுக்குத் தலைமை ஏற்று, மேடையில் இருக்கும் ஒரே மின்விசிறியையும் தம் பக்கம் திருப்பிக்கொண்ட கதைக் கம்பெனி முதலாளி மஞ்சுநாத் அவர்களே! பேச்சு எப்போது முடியும், பொட்டலம் எப்போது வரும் என்று கண்ணாலேயே கேட்கும் ஜோகுபாளையத்துப் பெரியோர்களே! சீரியலைத் துறந்து வந்திருக்கும் தியாகத் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி தர்ஷினி கதாசிரியை. பெருமை யாருக்கு? முழுக்க எனக்கே!

அவள் எழுதியது கைப்பேசிக் கதை. ஆஞ்சலா என்ற நர்ஸ் வாடகைக்கு வீடு தேடுகிறாள். கறுத்த பெண். அவள் அடுப்பில் மாட்டுக்கறி வேகும். ஒவ்வொரு வாசலிலும் கதை நின்று, "இப்போது என்ன செய்வாய்?" என்று நம்மைக் கேட்கும். நாம் விரல் வைக்கும் வழியில் கதை நடக்கும். ஒன்பது வாசல்! ஒன்பதிலும், "வீடு போயிடுச்சும்மா, போர்டை எடுக்க மறந்துட்டோம்" என்ற அதே தேன்மொழி! அத்தனையும் போன வருடம் தர்ஷினியே ஏறி இறங்கிய வாசல்கள்.

தலைவர் படித்தார். உருகினார். உருகிய கையோடு என்ன சொன்னார்? "சூப்பர்மா! ஆனா ஹீரோயினை ரீடர்ஸே செஞ்சுக்கட்டும். பேரு, கலரு, வேலை, சாப்பாடு, எல்லாம் அவங்க இஷ்டம்." ஆகா, எவ்வளவு தாராளம்! மறுத்தால் கதை வெளிவராது என்பதையும் அன்போடு சேர்த்துக்கொண்டார். இன்று தர்ஷினி பதில் சொல்ல வேண்டிய நாள்.

அதற்குள் தலைவர் சொன்னபடியே மாற்றி, முன்னோட்டமாக இருநூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று? கறுத்த ஆஞ்சலா வெளுத்தாள்! குட்டை ஆஞ்சலா வளர்ந்தாள்! நர்ஸ் ஆஞ்சலா மென்பொருள் கம்பெனி மேனேஜர் ஆனாள்! கறி என்றால் என்னவென்றே அறியாத குணவதி ஆனாள்! பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. முதல் வாசலிலேயே, "வாம்மா, காபி சாப்பிடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார் வீட்டுக்காரர். இரண்டாம் பக்கத்தில் பால் காய்ச்சியாயிற்று. சுபம்! பெங்களூரின் வீட்டுப் பஞ்சத்தை விரல் நுனியால் தீர்த்த மேதைகளே, உங்களுக்கு எத்தனை சால்வை போர்த்துவது?

யாரங்கே சிரிப்பது? சந்திரம்மாவா? "நீ மட்டும் என்னாக்கா கிழிச்சே?" என்று கேட்கிறாயா? கேள், சொல்கிறேன்.

நானும் விளையாடினேன். நிறம் கேட்டு ஆறு கட்டம் வந்தது. என் நிறம் ஆறாவது. என் விரல் எங்கே போயிற்று? வெளுத்த முதல் கட்டத்துக்கு! "சைவமா?" என்றது. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கக் கொதிக்க, ஆமாம் என்றேன்! பக்கத்தில் இருந்த தர்ஷினி திட்டவில்லை. "ஆயா, உனக்கும் என் மூஞ்சி வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.

என்ன, தலைவரே? கன்னடத்தில் என்னைப் பாட்டியாக்கி, "அஜ்ஜி, சாய்ஸ் குடுக்கலைன்னா ரீடர்ஸுக்குக் கோவம் வரும்" என்கிறீர்களா? வரட்டுமே சார்! ஒன்பது வாசலில் அவளுக்கு வந்ததில் ஒரு துளி அவர்களுக்கும் வரட்டுமே!

ராஜகுமாரன் கதையா? பத்து தினுசு மீசை வையுங்கள், யார் தடுத்தது? ஆனால் முகத்தைப் பார்த்துக் கதவு சாத்தும் கதையில் முகத்தை மாற்றினால், அப்புறம் கதை எங்கே? மணி அடிப்பதா, திரும்பிப் போவதா? பொய் சொல்வதா, உள்ளதைச் சொல்வதா? அழுவதா, அடுத்த தெருவுக்கு நடப்பதா? இதெல்லாம் வாசகர் விருப்பம். யாராக நின்று மணி அடிப்பது? அது மட்டும் ஆஞ்சலாவாக! கறுத்த, கறி சமைக்கிற, காலோய்ந்த ஆஞ்சலாவாக! ஒரு மணி நேரம் அவளாக நின்றால் குறைந்தா போய்விடுவோம்?

தர்ஷினி தன் பதிலைக் காகிதத்தில் எழுதி, தலைவர் முன்னால் வைத்துவிட்டாள். ஒரே சொல்: மாட்டேன். கதை வராமல் போனாலும் சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை; அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெளியிடுவதா, கைவிடுவதா என்பதை இனி தலைவர் தேர்ந்தெடுக்கட்டும். அவர் வாய் திறக்கும் வரை பொட்டலம் வாங்க ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.