எத்தனை போதும் என்று கேட்டவருக்கு

“ஜூலை 14, திங்கள். பதினேழாம் கூண்டு. தண்ணீர்ப் புட்டியின் குழாய் முனை அடைத்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விரலால் தொட்டுப் பார்க்காமல் ‘சரி’ என்று குறித்தேன். மூன்று எலிகளில் ஒன்று இறந்துவிட்டது. தவறு என்னுடையது.”

முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஆய்வுக்கூடத்தின் விலங்கறையைக் காத்த காவலரே! வாய்திறந்து கேட்க வழியற்ற உயிர்களின் வாட்டம் அறிந்த வல்லவரே! ஒவ்வோர் எலிக்கும் எடை பார்த்து முடிக்கும்வரை தேநீரைத் தொடாத எங்கள் ‘தராசு’ அண்ணனே! வணக்கம்.

மேலே உள்ளவை உங்கள் கையெழுத்தில் பதிவேட்டில் இருக்கும் வரிகள். பணி ஓய்வு நாளில் தரும் ஒரு பாராட்டு மடலைப் பிழையில் தொடங்கலாமா என்று எங்களுக்குள் மூன்று நாள் வழக்கு நடந்தது. இதைவிடப் பெருமையான பக்கம் வேறு கிடைக்கவில்லை. ஆகவே இதுவே முதலில் நிற்கிறது. அந்த வாரத்தை அறியாதவர்களும் அவையில் இருப்பதால், உங்களைச் சற்று ஒதுக்கி நிறுத்திவிட்டு, உடனிருந்த ஒருத்தியின் கண்வழியே சொல்கிறோம். பொறுத்தருள்க.

அவள் கூண்டு கழுவுபவள். ‘வாயாடி’ என்று அவளுக்குப் பெயர் வைத்ததே தராசு அண்ணன்தான். அன்று காலை கழுவுதொட்டியருகே நின்றவள், அவர் பேனாவைத் திறப்பதைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“அண்ணே, எழுதாதீங்க. எழுதினா முதல்லேருந்து தொடங்குவாங்க. நாப்பத்தெட்டு எலி திரும்ப வரும். உங்க ஒரு வரிக்கு நாப்பத்தெட்டு உசுரா?”

அவள் சொன்னது பொய்யில்லை. பிள்ளைகளின் காய்ச்சலுக்கான ஒரு மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஆய்வு அது. நடுவில் பிசகினால் நாற்பத்தெட்டையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பது விதி.

“எழுதலைன்னா, தண்ணியில்லாமக் கெட்ட சிறுநீரகம் மருந்தால கெட்டதுன்னு ஆயிடும்” என்றார் அவர்.

“ஆகட்டுமே! பழி போட்டா மருந்துக்கு வலிக்கவா போகுது?”

“மருந்துக்கு வலிக்காது. காய்ச்சல்ல கெடக்குற புள்ளைக்கு அது கெடைக்காமப் போகும்.”

“அந்தப் புள்ளைய நான் பார்த்ததில்லண்ணே. இதுங்கள தெனம் பார்க்குறேன்.”

அவர் பதினேழாம் கூண்டில் மாட்டிய புதுப் புட்டியின் முனையை இன்னொருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அவள் தேய்ப்பானை வாளிக்குள் வீசியெறிந்தாள். ஊரறிந்த ஓட்டைவாய் நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. தலைமை ஆய்வாளரோ, “உங்களால ஆறு மாச வேலை போச்சு” என்று விளக்கக் கடிதம் கேட்டார். அண்ணன் அரைப்பக்கத்தில் விளக்கம் கொடுத்துவிட்டு, கீழே ஒரு கேள்வியையும் சேர்த்தார்: ‘மீண்டும் செய்ய எத்தனை போதும்?’ அதுவரை எங்களில் எவரும் அதைக் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் விலங்குநலக் குழு கூடியது. பதினொரு ஆண்டுப் பதிவேடுகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார் அண்ணன். இடுப்புவலியோடு அவர் தள்ளத் திணறுவதைக் கண்டு, கோபம் தீராமலே வண்டியைப் பிடுங்கித் தள்ளிச் சென்றாள் அவள், கதவோரம் நின்றும்விட்டாள்.

அண்ணன் குழுவின் முன் பதிவேடுகளை அடுக்கினார். “மருந்து குடுக்காத எலிக்கு சிறுநீரகம் எப்படி இருக்கும்னு இதுல பதினொரு வருசக் கணக்கு இருக்கு. தெரிஞ்சதையே திரும்பத் தெரிஞ்சுக்க எதுக்குங்க கொல்லணும்? மத்த நாப்பத்தஞ்சும் கெடல. கெட்ட மூணுக்குப் பதிலா மூணு. ஒப்பிட்டுப் பார்க்க மூணு. ஆறு போதும்.”

குழுவிலிருந்த வழக்கறிஞர் அம்மையார் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “எல்லாப் பக்கமும் ‘சரி, சரி’ன்னே இருக்கே. இதை நான் எதை வெச்சு நம்புறது?”

அண்ணன் ஜூலை 14ஆம் பக்கத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அம்மையார் இருமுறை படித்தார். கால்நடை மருத்துவர் எழுந்துவந்து படித்தார். இரண்டு மணிநேர வாதத்துக்குப் பிறகு, ஆறு என்று முடிவானது.

“நாப்பத்திரெண்டு தப்பிச்சுதுண்ணே!” என்று நடைவழியிலேயே கத்தினாள் வாயாடி.

“ஆறு வருது. கூண்டைக் கழுவி வை” என்றார் அவர்.

அண்ணனே! இத்தோடு நிறுத்தினால் இது இனிப்பான கதையாகிவிடும். உங்களுக்கு அது பிடிக்காது. அந்த ஆறும் வந்தன. ஆறையும் கடைசி ஊசியின்போது கையில் பிடித்திருந்தவர் நீங்கள்தான். மருந்து இன்று பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடைபோட எங்களுக்குத் தெரியவில்லை. ‘இது சரிதானா?’ என்று வாயாடி இன்றும் கேட்கிறாள். தலைமை ஆய்வாளரும் இப்போது உரக்க மறுப்பதில்லை. அந்தக் கேள்வியை அடக்காமல் வேலைசெய்ய இயலும் என்று காட்டினீர்கள். அதற்கே இந்த மடல். அதற்கே எங்கள் நன்றி.

இனி உங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும்! இடுப்புவலி தணியட்டும்! எவருடைய எடையும் பார்க்காமல் முதல் தேநீரைச் சூடாகவே பருகுங்கள்! இல்லத்தார் சூழ, நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க!

நாளை காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது. முப்பது முயல்கள் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்துள்ளது. எத்தனை போதும் என்று ஒன்பதரைக்குள் எழுதித் தர வேண்டும். மாலை வகுப்பில் கணக்குப் படித்துவரும் வாயாடி அதை எழுதுவாள். கால்நடை மருத்துவர் சரிபார்ப்பார்.

அன்புடன்,
விலங்கறை, கழுவறை, ஆய்வுக்கூடப் பணியாளர்கள்