உள்ள இருக்கிறது தூசி இல்ல

வைரஸும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார். மூணு தடவை எல்லாத்தையும் அழிச்சு புதுசா ஏத்தினேங்கறீங்க, சரி. மூணு தடவைல ஒரு தடவையாவது இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் திறந்து பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. வீட்டு பிளான் வரையிறவர்தானே நீங்க? சுவத்துல ஈரம் தெரிஞ்சா அது மேலயே வெள்ளையடிச்சுட்டு வந்துடுவீங்களா? குழாய் எங்க ஒழுகுதுன்னு தேடுவீங்கல்ல? இதுவும் அப்படித்தான்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க. ஆங்.

எவ்ளோ நேரத்துல நிக்குது? இருபது நிமிஷம். மவுஸ் அம்புகூட நகராது. அணைச்சுப் போட்டுட்டு காப்பி குடிச்சுட்டு வந்தா மறுபடி ஓடும். ஓடும் சார், சூடு ஆறிடுதில்ல, ஏன் ஓடாது? இந்தப் பக்கம் கைய வைங்க. அட, வைங்கன்னா! கொதிக்குதா? இப்ப பின்பக்கம். காத்து வருதா? எப்படி வரும், உள்ள ஃபேன் சுத்தினாத்தானே. பொம்பள மெக்கானிக்கான்னு வாசல்லயே இழுத்தீங்களே, எனக்கு முன்னாடி வந்த ஆம்பள மெக்கானிக் ரெண்டு பேரும் இவ்ளோகூட கை வச்சுப் பாக்கல.

இருங்க, திறக்கிறேன்.

சீ! கருமம், கருமம்!

பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன் சார். பல்லி செத்துக் காஞ்சு கிடந்தத எடுத்திருக்கேன். கரப்பான் பிள்ளைகுட்டியோட குடியிருந்த பொட்டிய வெறுங்கையால தட்டியிருக்கேன். ஒரு நாளும் மூக்கைப் பொத்தினதில்ல. இது குமட்டுது. அந்த ஜன்னலத் திறங்க மொதல்ல. என்ன யோசனை? ஓ, மேல பூரா பேப்பர் ஒட்டியிருக்கீங்களா. வெயிலா? எதிர்ல ஆறு மாடிக் கட்டடம் மறைச்சுக்கிட்டு நிக்குது, எந்த வெயில் சார்?

இங்க பாருங்க. ப்ளோயர் வச்சு அடிக்கிறேன். தூசின்னா பறக்கணும். பறக்குதா? விரல்ல தொட்டா பிசுக்குனு ஒட்டுது. ஃபேன் இறக்கை பூரா இதுலயே சிக்கிக் கிடக்கு. பஞ்சால ஒரே ஒரு இழு இழுத்தேன், கலரப் பாருங்க. மோந்து பாருங்க. ஏன் முகத்தத் திருப்பறீங்க?

சமையல் புகையா? அடுப்படி அந்தக் கோடியில இருக்கு, நடுவுல ரெண்டு கதவு. கொசுவத்தியா? என் காதுல பூ சுத்தாதீங்க. எண்ணெய்ப் பிசுக்கு எப்படி இருக்கும், கொசுவத்தி எப்படி இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. இது சிகரெட்.

பழசா? ஆபரேஷனுக்கு முன்னாடி பிடிச்சதா?

பொட்டியோட கதவுக்கு உள்பக்கம் இந்த ஸ்டிக்கர் தெரியுதா? என் கையெழுத்துதான். தேதியப் படிங்க. சத்தமா வேண்டாம், மனசுக்குள்ளயே படிங்க. எட்டு மாசம் ஆச்சு. நெஞ்சைப் பொளந்து தச்சு, நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்களே, அந்த வாரம். அதான் நீங்க என்னைப் பாத்ததில்ல. அக்காதான் கூப்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரம்மாவச் சொல்றேன். பழைய புகை வாசனை ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாதும்மா, அவர் சுத்தமான வீட்டுக்குத் திரும்பி வரணும்னாங்க. நான் இந்தப் பொட்டிய அக்கு அக்காக் கழட்டித் துடைச்சேன். அக்கா அதோ அந்த மூலையில உக்காந்து கீபோர்டு பட்டன ஒவ்வொண்ணாப் பிடுங்கி, காது குடையற பஞ்சால துடைச்சாங்க. நூத்துச் சொச்சம் பட்டன் சார். அழுதாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்ல, சிரிச்சாங்க. டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணிட்டார், இனிமே தொடவே மாட்டார்னு என்கிட்ட பெருமையாச் சொன்னாங்க.

ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணா? யார்கிட்ட கதை விடறீங்க? ஒண்ணுக்கு இவ்ளோ பிசின் சேராது.

எப்படிப் பண்றீங்கன்னும் புரிஞ்சு போச்சு. ஜன்னல்ல கீழ மட்டும் ஒரு சாண் பேப்பரும் இல்ல, கண்ணாடியும் இல்ல. அதுக்கு நேரா பொட்டியோட முதுகு. மேசைக்கடியில குனிஞ்சு முன்பக்க ஓட்டையில ஊதறது, உள்ள இருக்கிற ஃபேன் இழுத்துப் பின்னாடி வழியா வெளியத் தள்ளிடும். ரூம் கதவுப் பக்கம் வாசனையே வராது. பிளான் போடற மூளையே மூளை! கம்ப்யூட்டருக்கே தம்மடிக்கக் கத்துக் குடுத்திருக்கீங்க. இப்ப அதுக்கும் நெஞ்சடைச்சுப் போச்சு. இதுக்கு நான் அஞ்சு நிமிஷத்துல வேற ஃபேன் மாட்டிடுவேன். உங்களுக்கு? இன்னொரு தடவை அடைச்சா திறக்கிறதுக்கு வழியில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே.

நான் யாரு இதெல்லாம் கேக்கறதுக்கா? சரிதான், யாரும் இல்ல. மாட்டிட்டுப் பேசாமப் போயிடலாம். ஆனா அருவருப்பா இருக்கு சார், வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. இந்தப் பிசினாவது பரவாயில்ல, கைய சோப்பு போட்டுக் கழுவினாப் போயிடும். விட முடியலன்னா முடியலடின்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு மாசமா அந்த மனுஷி உப்புக் குறைச்சு சமைச்சு, தானும் அதையே தின்னுக்கிட்டு, உங்க மாத்திரைய மணி பாத்து எடுத்து வைக்கிறாங்க. நீங்க முக்கியமான வேலை, கதவத் தட்டாதன்னு உத்தரவு போட்டுட்டு மேசைக்கடியில குந்தியிருக்கீங்க. தூ!

எதுக்கு மெதுவாப் பேசணும்? வீட்டுலதான் யாரும் இல்லையே. அக்கா அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்து கேட்டா தூசின்னே சொல்லிடும்மான்னு. அதைத்தானே கேக்க வர்றீங்க?

அக்கா கேக்க மாட்டாங்க சார். நேத்து போன்லயே சொல்லிட்டாங்க, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், அத அவருக்கே திறந்து காட்டுன்னு. இன்னொரு தடவை அவர் பொய் சொல்றத நின்னு கேக்க என்னால முடியாதும்மான்னாங்க.

தங்கச்சி வீட்டுக்கெல்லாம் போகல. கீழ மாடிப்படியில உக்காந்திருக்காங்க. நான் ஏறி வரும்போதே அங்கதான் இருந்தாங்க, பக்கத்துல ஒரு துணிப்பெட்டி. மூணு மணி வரைக்கும் பாப்பாங்களாம். அவரா இறங்கி வந்து தன் வாயால சொன்னா கூடவே மேல வருவேன், இல்லன்னா பஸ் ஏறிடுவேன்னாங்க.

மணி ரெண்டே முக்கால். ஓடாதீங்க சார், நெஞ்சு! ஒவ்வொரு படியா, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க, நேரம் இருக்கு. சட்டைப் பையில இருக்கிற பாக்கெட்ட எதுக்கு மேசை மேல வைக்கிறீங்க? எடுத்துட்டுப் போங்க. அவங்க கையில குடுங்க.