சத்தப் பெட்டி

— பச்ச மனிசன் எரியிறான், சிவப்பு மனிசனும் எரியிறான். பல்ப்ல ஒரு கொறயும் இல்ல. நான் சொல்லல்லயா, கைருன்? கோளாறு இந்தச் சத்தப் பெட்டிலதான்.

— தேத்தண்ணி ஆறுது.

— வை. அந்த ரோட்டுக் கலர் லைட்டுக்கு மேல வை.

— எந்தக் கலர் லைட்டுக்கு மேல? ஹோல் முழுக்க இதுதானே கெடக்கு. தொழப் பாய் விரிக்கவும் இடமில்ல. பழைய இரும்புக்காரன் கண்டா, கூடப்பொறந்தவன் எண்டு கட்டிப்புடிப்பான்.

— இனி எல்லாத்தயும் குடுத்துரலாம். நான் தேடின இந்த ஒண்டத்தான். பள்ளிவாசல் சந்தில, ரோட்டக் கடக்கிற இடத்தில நிண்டது. த்ரீவீல் அடிச்சி மூல வெடிச்சிரிக்கி, பாரு. ஸஜீத் இதத் தடவித் தடவிப் பார்ப்பானே. ‘வாப்பா, இதுக்கும் ஒரு காயம்’ எண்டு.

— ம்.

— அங்க புதுசு போட்டுட்டுப் பழசெல்லாம் கழட்டி வித்துட்டாங்க. முந்தல்ல தேடி, சிலாபத்தில தேடி, கடைசீல பாலாவீல, வீட்டுக்குக் கிட்ட கெடந்திரிக்கி.

— கெடச்சி என்ன? புள்ள வரவா போறான்?

— வரமாட்டான். எனக்கு இப்ப அழுகயும் வருகுதில்ல, கைருன். ஆர்ட பிழ எண்டு தெரிஞ்சாக் காணும்.

— புள்ளய அடிச்ச லொறிக்காரன நீங்கதானே மன்னிச்சீங்க.

— அவனுக்குப் பச்ச எரிஞ்சிச்சி, வந்தான். அவன்ல கோவமில்ல. தேத்தண்ணிக் கட ஜபார் சொன்னது ஞாபகமா? கண் தெரியாத புள்ள, மஞ்சக் கோட்டுக்கிட்ட காதக் குடுத்துட்டு கன நேரம் நிண்டவனாம். பச்ச மனிசன் வந்தாக் கீச் கீச் எண்டு சத்தம் வரணும். வரல்ல. வாகனம் ஓஞ்சிட்டெண்டு நெனச்சிக் கால வச்சிட்டான். அந்தச் சின்ன இஸ்குரு கழட்டுறத எடு.

— இந்தாங்க. கைய வெட்டிக்காதீங்க.

— இஞ்ச பாரு. ஸ்பீக்கருக்குள்ள சீலத் துண்டு. கறுத்துப் போய்க் கெடக்கு. பெட்டி பழுதில்ல, கைருன். ஆரோ அடச்சிரிக்கி.

— குளவி கூடு கட்டியிரிக்கும்.

— குளவி சீலயா கிழிச்சிட்டு வரும்? நில்லு, இழுத்தெடுத்துட்டுப் போட்டுப் பாக்கிறன்.

— போட வேணாம்.

— கேக்குதா? கீச் கீச் கீச். இவ்வளவு காலமும் இதுக்குள்ள இரிந்திரிக்கி.

— நிப்பாட்டுங்க. காணும்.

— நிப்பாட்டிட்டன். இரி, ஒண்டு சொல்றன். தல நோன்பு ராவு ஸஜீத் தராவீஹ் ராத்தொழுக தொழுவிக்கக்குள்ள இந்தச் சத்தம் பள்ளிக்குள்ள கேட்டிச்சி. நான் முதல் சப்பு வரிசையில நிண்டு என்ட காதால கேட்ட. அடுத்த ராவு கேக்கல்ல. அவன்ட ஓதல் மட்டும்தான். முடிஞ்சாப் பொறகு எல்லாரும் எனக்குக் கை தந்தாங்க. ‘பாறூக் நானா, குர்ஆன் முழுக்க மனனமான இந்த மாதிரி ஒரு ஹாபிழ் இந்தப் பள்ளீல ஓதல்ல’ எண்டாங்க. நான் கதச்சிட்டு நிண்டன். சத்தத்த வச்சித் தனியப் போய்ப் பழகினவன்தானே எண்டு அண்டு அவனத் தனிய வீட்டுக்கு உட்டுட்டன்.

— அதெல்லாம் இப்ப ஏன்?

— ரெண்டு ராவுக்கும் இடையில ஒரு பகல். அந்தப் பகல்லதான் அடச்சிரிக்கி. லொறிக்காரன மன்னிச்ச. இவன மன்னிக்க ஏலாது. மறுமை நாள்ல, மஹ்ஷர்ல அல்லாட முன்னுக்கு இவன்ட கொலரப் புடிச்சிட்டுத்தான் நிப்பன்.

— அப்பிடிச் சொல்லாதீங்க.

— ஏன் சொல்லப்படாது?

— ஸஜீத்ட வாப்பா, சொல்லாதீங்க எண்டுறன்.

— ஒனக்கு ஆர் எண்டு தெரியுமா?

— நெய்னார் மோதினார்.

— நெய்னாரா? நம்மட பள்ளீல பாங்கு சொன்ன மனிசன், மன்னார்ல இரிந்து எங்கட வள்ளத்தில அகதியா ஒண்டா வந்தவன். அவனுக்கு எங்களோட என்ன பகை? அதுக்குத்தானா நாட்டுச் சண்ட முடிஞ்சதும் ஊருக்குப் போறன் எண்டு போனவன்? நாளைக்கே மன்னாருக்கு பஸ் ஏறுறன்.

— பகை ஒண்டுமில்ல. அந்தப் பகல்ல லுஹர் தொழுதுட்டு நம்மட வாசலுக்கு வந்து, பள்ளிக்கு ஒரு சீலத் துண்டு கேட்டவர். நாந்தான் கிழிச்சிக் குடுத்த. ‘பாறூக் நானா ராவு கோவிச்சிட்டார். மகன்ட ஓதல் தெளிவாக் கேக்குதில்லயாம், அந்தச் சத்தத்த எப்பிடியாவது அடைக்கட்டாம்’ எண்டு சிரிச்சிட்டுப் போனார். எந்தச் சத்தம் எண்டு நான் அப்ப கேக்கல்ல. இண்டுதான் விளங்கிச்சி. அந்தத் துண்ட விரிச்சிப் பாருங்க, நீங்க பெருநாளைக்குக் கட்டின பழைய சாரம்.