கடைசித் தெருவை விட்டுவிட்ட நிரல்

விழாவுக்குத் தலைமை ஏற்று, நேரம் போனால் அடிப்பதற்கு மணியையும் கையிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர், மதிப்பிற்குரிய ராமசுப்பு ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே! பாலவனத்தத்திலிருந்தும் பரளச்சியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் போனில் அப்படி என்னதான் தட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் கடைசியில் நிற்கும் அன்பு உள்ளங்களே! அனைவருக்கும் பாளையம்பட்டி ரேணுகாதேவியின் பணிவான வணக்கம்.

இத்தனை வணக்கம் மேடைக்கு அழகு. ஆனால் நம் குழுவுக்கு அதுவேதான் பெரிய தொல்லை!

யார் சிரித்தது? சிரியுங்கள். நானும் சிரித்துத்தான் சொல்கிறேன். பைத்தான் என்பது கம்ப்யூட்டரிடம் வேலை சொல்லும் மொழி. அதைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கேள்வி கேட்கவும், தெரிந்தவர்கள் பதில் சொல்லவும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு நடத்துகிறோம். அதன் ஆண்டு விழாதான் இது. தாய்மார்களே, இதற்கு மேல் தெரியாவிட்டாலும் நான் சொல்லப்போகும் செய்தி உங்களுக்குப் புரியும்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் காரியமாகப் போனால் எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்வோமா? மழை உண்டா என்போம். மிளகாய் என்ன ஆச்சு என்போம். காப்பியைக் குடித்து முடித்து, எழுந்து செருப்பைத் தேடும்போதுதான் ‘ஒண்ணுமில்ல, ஒரு விசயமா வந்தேன்’ என்போம். அந்த மரியாதையை அப்படியே குழுவுக்கும் கொண்டுவந்துவிட்டோம். ‘வணக்கம் அண்ணே, ஒரு சந்தேகம் கேக்கலாமா?’ என்று எழுதிவிட்டு, ‘கேளு’ என்ற உத்தரவுக்காக உட்கார்ந்திருப்பது! பதில் சொல்கிறவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார். கேள்வி எங்கே என்று பார்ப்பார். கேள்வியே இருக்காது!

அப்படி உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாளே, முருகலட்சுமி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

பரளச்சிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான் அந்த ஊருக்கு. ஐந்து தெரு. மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு, கீழத்தெரு, கடைசியில் காலனி. எந்தெந்தத் தெருவுக்கு எந்த வரிசையில் போகவேண்டும் என்று லாரி ஓட்டும் மாரிக்கண்ணனுக்குத் தினமும் ஒருவர் போன் போட்டுச் சொல்லவேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? தானே செய்தி அனுப்பும்படி பைத்தானில் ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுதினாள் நம் முருகலட்சுமி. படித்தது போனில், எழுதியது பழைய கம்ப்யூட்டரில். முதல் செய்தி போய்ச் சேர்ந்ததும் அலுவலகமே கை தட்டியது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ‘லாரியில தண்ணி தீந்திருக்கும்’ என்றார் அலுவலகத்தில் ஒருவர். மாரிக்கண்ணன் போனை நீட்டினார். ‘எனக்கு வந்த மெசேஜுல காலனியே இல்லண்ணே. நானா எப்பிடிப் போறது?’

எல்லாக் கண்ணும் முருகலட்சுமி மேல். அவள் மேலத்தெருவில் காடுகரை உள்ள தங்கபாண்டி வீட்டுப் பெண், அவர் தம்பி மகள். வேண்டுமென்றே விட்டாள் என்று சொல்ல ஊருக்கு வேறு என்ன வேண்டும்? அப்போது காலனியில் மூத்தவர் சோலைச்சாமி, கோபமே இல்லாமல் கேட்டார்.

“ஏந்தாயி, நாங்க கடைசின்னு கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் குடுத்துட்டீகளா?”

கை தட்டாதீர்கள். இது கை தட்டுகிற இடமில்லை. அந்தப் பெண் என்ன செய்தாள்? மாரிக்கண்ணனிடம் சொல்லி அன்றைக்குக் காலனிக்கு லாரியை அனுப்பிவிட்டாள். தண்ணீர் போய்விட்டது. கேள்வி போகவில்லையே! ‘நாளைக்குக் காரணத்தோட வாரேன்யா’ என்று சொல்லிவிட்டு நம் குழுவைத் திறந்தாள். திறந்து என்ன எழுதினாள்? ‘வணக்கம் அண்ணே, அக்கா. சாப்பிட்டீகளா? ஒரு சந்தேகம் கேக்கலாமா?’

பதில் வந்தது. என்ன பதில்? ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டார். ஒருவர் ‘சாப்பிட்டேன், நீங்க?’ என்றார். மானம் போகிறதே என்று ஒருத்தி தவிக்கிறாள், இங்கே விருந்து விசாரிப்பு நடக்கிறது! நான் பார்த்துவிட்டு, ‘கேக்கலாமான்னு கேக்காத. கேளு’ என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் நிரலைப் போட்டாள். அதிலும் தெருப் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, அ, ஆ, இ, ஈ, உ என்று மாற்றிப் போட்டாள்.

பாலவனத்தத்துக்காரர் உதயகுமார், சென்னையில் வேலை பார்க்கிறவர், பார்த்த மாத்திரத்தில் சொன்னார். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஐந்து வரை போ என்றால் ஐந்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: ஐந்து தெருவுக்கு அதுவே சரியான கணக்கு. முருகலட்சுமி அது தெரியாமல், தானாகவும் ஒன்றைக் கழித்து, நான்கு வரை என்று எழுதியிருக்கிறாள். அது நான்குக்கு முன்னாலேயே நின்றுவிட, ஐந்தாவது தெரு விடுபட்டுப் போயிற்று. ‘ஒண்ணக் கழிச்சதுதான் தப்பு, எடுத்துரு தங்கச்சி’ என்றார். புதிதாகப் படிக்கிற எல்லாரும் விழுகிற பள்ளம்தான். நானும் விழுந்தவள்தான்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. ‘இத்தன நாளா யாருக்கும் தெரியலையா? அந்த உ-ங்கிறது என்ன?’ என்று கேட்டார் உதயகுமார். அவள் தெருப் பெயர்களை எழுதினாள். அதன் கீழேயே இன்னொரு வரியும் எழுதினாள்.

‘அண்ணே, மேலத்தெரு கடைசியில இருந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்ல.’

பெரியோர்களே! இதைவிட உண்மையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. காலனிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஆச்சரியமில்லை. ஊருக்கு ஆச்சரியமில்லை. ஏன், காலனிக்கே ஆச்சரியமில்லை! லாரி காலியாகும்போது வழக்கமாகக் காய்கிற தெருதானே என்று எல்லாரும் இருந்துவிட்டோம். பிழை செய்தது யார்? முருகலட்சுமி. பிழையை மூடி வைத்தது யார்? நாம்! நம் பழக்கம்! பழகிப்போன நம் கண்கள்!

தலைவர் மணி அடித்துவிட்டார். முடித்துவிடுகிறேன், ஐயா.

அவள் இரண்டாவது கேள்வி கேட்டாள். இந்த முறை வணக்கம் இல்லை, உத்தரவு இல்லை. ‘கடைசின்னு ஒரு தெருவே இல்லாம எழுத முடியுமா?’ உதயகுமார் சொன்னார், ‘கடைசி இல்லாத வரிசை கெடையாது. ஆனா லாரி போற ஒவ்வொரு நடைக்கும் முதல்ல இருக்கிற தெருவ எடுத்துக் கடைசியில போடலாம். ரெண்டு வரிதான்.’ அன்றே எழுதினாள். காலனியை முதலில் வைத்து, மேலத்தெருவைக் கடைசியில் வைத்துத் தொடங்கினாள்.

மறுநாள் சோலைச்சாமி வாசலில் போய் நின்று, தப்பு தன்னுடையது என்று காரணத்தோடு சொன்னாள். ‘மொத நடை உங்க தெருவுல ஆரம்பிக்கும், அடுத்த நடை வேற தெருவுல, இனிமே மாறி மாறி வரும்யா’ என்றாள். அவர், ‘காரணம் சொல்ல வருவன்னு நெனைக்கல தாயி’ என்றார்.

வீட்டுக்கு வந்தால் தங்கபாண்டி வாசலில் நிற்கிறார். “நம்ம தெரு கடைசியா? ஆரக் கேட்டு மாத்துன?”

“இந்த நடைக்கு மட்டுந்தான் பெரியப்பா.”

“வாரதுக்குள்ள லாரியில தண்ணி தீந்து போச்சுன்னா?”

“இத்தன வருசமா அவுகளும் அதத்தான் பெரியப்பா கேட்டுக்கிட்டு இருந்தாக.”

அவர் உள்ளே போய்த் தானே குடத்தை எடுத்துவந்து வாசலில் வைத்துவிட்டு, லாரி வரும் திசையைப் பார்த்து நின்றாராம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீருக்குக் காத்திருந்தார்!

இப்போது தட்டுங்கள். அவளுக்காகத் தட்டுங்கள்.

குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே! தயங்காதீர்கள். உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். மறைக்காமல் கேளுங்கள். பதில் வந்த பிறகும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தப்பில் விடுபட்டது யார், அது நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

நன்றி சொல்லி அமர்கிறேன். இத்தனை நேரம் கால் கடுக்கக் கதவோரம் நின்றவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. அடுத்து தாய்மார்களுக்கு. அடுத்து பஸ் மாறி வந்த பெரியோர்களுக்கு. அடுத்து மேடையில் இருக்கும் ஆன்றோர்களுக்கு. கடைசியாக, எங்கள் தலைவர் ராமசுப்பு ஐயா அவர்களுக்கு நன்றியும் வணக்கமும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. இந்த நடைக்கு மட்டும்தான்.