பட்டியலில் இல்லாத மச்சான்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது. அரசாங்கத் தேநீர் எந்தக் கந்தோரிலும் அப்படித்தான். முப்பத்துநாலு வருடம் குடித்தவன் சொல்கிறேன்.

என் பெயர் பொன்னம்பலம். ஓய்வுபெற்ற பிரதம லிகிதர், வயது அறுபத்தெட்டு. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் சொந்த வீடு. அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதுதான் இந்த வழக்கின் முழு விஷயமும். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் மனைவி சரோஜினிதேவியும் வீட்டுக்காரர். முன்னறையில் யோகநாதனும் அவர் பெண்சாதி ஜெகதீஸ்வரியும் வாடகைக்கு. ஐந்தாவது ஆள் என் மனைவியின் தம்பி சிவக்கொழுந்து. எண்பத்தாறாம் ஆண்டு கண்ணுக்கு வைத்தியம் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கிழமைக்கென்று வந்தவர். இந்தத் தொண்ணூற்றேழிலும் அந்தக் கிழமை முடியவில்லை.

போன மாதம் தமிழர் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் உங்கள் ஆட்கள் பதிவுப் படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டு பகுதி. முதலாவதில் வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள். இரண்டாவதில் வாடகைக்கு இருப்போர். மனைவியின் தம்பிக்கு முதலாவதில் இடமில்லை. இரண்டாவதில் போட்டால், மச்சானை வாடகைக்காரன் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற பெயர் லண்டன், கனடா வரைக்கும் போகும். சரோஜினி ஒரு வருடம் என்னோடு கதைக்கமாட்டாள். ஆகவே மரியாதைக்காக அவரை எதிலும் போடவில்லை. பிறகு கேட்டுச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். படிவம் முத்திரை குத்தித் திரும்பி வந்தபோது அடியில் மொத்தம் நான்கு என்றிருந்தது.

அந்தக் கிழமையே சார்ஜன்ட் வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தி, பிரம்பு முனையால் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். தாளில் நாலு, இங்கே ஐந்து என்றார். இரண்டு கிழமை தவணை தந்தார். அடுத்தமுறை தாளும் தலையும் ஒத்துவராவிட்டால் மிஞ்சினது ஜீப்பில் வரும் என்று சிங்களத்தில் சொல்லி, பிரம்பை மச்சானின் தொண்டைக்குழியில் வைத்து அமர்த்தினார். மச்சானுக்குக் கண் பிதுங்கியது. அதே கண்தான், வைத்தியம் பார்த்தது.

ஜீப்பில் ஏறினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறாள். விரல்களில் நகம் இல்லை. நான் குறை சொல்லவில்லை, பின்னணி சொல்கிறேன்.

அடுத்த நாளே கிராம சேவகரிடம் போனேன். அவர் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் இருப்பார். பொலிசில் கடிதம் வாங்கிவரச் சொன்னார். பொலிசில் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பிறப்புச் சான்றிதழில் வருடம் பிழை. அதன்படி அவர் தன் மகனுக்கு மூன்று வயது இளையவர். திருத்துவதற்குப் பன்னிரண்டு வருடமாக வருகிறாராம். இதற்கிடையில் மகன் ஓய்வுபெற்றுவிட்டார், இவருக்கு இன்னும் ஓய்வூதிய வயது வரவில்லையாம். என் முறை வந்ததும் உள்ளேயிருந்தவர் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சிங்களத்தில், "லபன சதியே என்ன, மாத்தயா" என்றார். அடுத்த கிழமை வரச் சொல்கிறார். கோபம் வரவில்லை. என் காலத்தில் அதே வாசகத்தை ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. பத்தாம் நாள் சாப்பாட்டில் மச்சான் தொடங்கினார்.

"என்ன அத்தான், நான் பிறந்திட்டனோ, இன்னும் இல்லையோ?"

"வாற கிழமை வரச் சொன்னவங்கள்."

"முப்பத்துநாலு வருசம் கந்தோரிலை என்ன செய்தனீங்கள்? கையிலை அஞ்சு விரலை எண்ணத் தெரியாத ஆளுக்குப் பென்சன் குடுக்கிறாங்களே, அந்த அரசாங்கத்தைக் கும்பிட வேணும்."

யோகநாதனுக்குச் சிரித்ததில் சோறு புரைக்கேறியது. சரோஜினியும் சிரித்தாள். இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

தவணை சனிக்கிழமை முடிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சரோஜினி கோயிலில். முன்னறைக்காரர் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மச்சான் சாய்மனைக் கதிரையில் பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு படுத்திருந்தார். நாளைக்கு இவரைக் கொண்டுபோய் அந்நியர்கள் அடிக்கப் போகிறார்கள் என்று யோசித்தேன். பதினெட்டு நாள். அதை ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுப்பது சொந்தக்காரனின் கடமை என்று பட்டது.

ஓய்வுபெற்றபோது கந்தோரில் தந்த கருங்காலி ரூல்தடி மேசையில் இருந்தது. பழைய உருண்டை வகை, நல்ல பாரம். முதல் அடி பேப்பருக்கு மேலால் விழுந்தது. "அத்தான், என்ன இது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, கணக்கில் பிழை கண்டவர் மாதிரிக் கேட்டார். கையை உயர்த்தியபோது மணிக்கட்டு முறிந்தது. மண்டை உள்ளே இறங்கியது ஐந்தாவதில். ஏழாவது தேவையில்லைத்தான், ஆனால் நான் எதையும் ஒருமுறை சரிபார்ப்பவன்.

வீட்டின் பின்னால், குழாய்த் தண்ணீர் வந்தபிறகு கொங்கிறீட் மூடி போட்ட பழைய கிணறு இருக்கிறது. மூடி இரண்டு பாதி. ஒன்றை அலவாங்கால் நெம்பினேன். ஆளைப் படுக்கை விரிப்பில் சுற்றி இழுத்தேன். மெலிந்த மனிதர், அந்த விதத்தில் உபகாரி. உள்ளே விழுந்தபிறகும் கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. ஆகவே ஏழும் போதவில்லை என்று தெரிகிறது. மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு நிலத்தைக் கழுவினேன்.

சரோஜினி வந்ததும், திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது, அவசரமாகப் போய்விட்டார் என்று சொன்னேன்.

"என்னட்டைச் சொல்லாமலோ?"

"உன்ரை தம்பிதானே. ஆரிட்டைச் சொல்லி வந்தவர்?"

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "சாப்பிட்டவனோ?" என்று கேட்டாள்.

"ஓம், சாப்பிட்டவர்" என்றேன். அது உண்மை.

சனிக்கிழமை சார்ஜன்ட் வந்து எண்ணினார். தாளில் நாலு, தலை நாலு. "ஹரி, மாத்தயா" என்று கையெழுத்து வைத்தார். யோகநாதன் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

இது முடிந்து பன்னிரண்டாம் நாள், நான் போகாமலே, பிரதேச செயலகத்திலிருந்து திருத்திய பட்டியல் தபாலில் வந்தது. ஏனையோர் என்று மூன்றாம் பகுதி ஒன்று புதிதாகச் சேர்த்து, சிவக்கொழுந்து, மனைவியின் தம்பி, மொத்தம் ஐந்து என்று அழகான கையெழுத்தில் எழுதி, மூன்று முத்திரை. ஒரு பிழை இல்லை. ஐயா, அந்த லிகிதரை யாராவது பாராட்ட வேண்டும்.

அதன் பிரதி சார்ஜன்டுக்கும் போயிருக்கிறது. அன்று பின்னேரமே வந்தார். தாளில் ஐந்து, தலை நாலு. ஐந்தாவது எங்கே, புலிகளோடு சேரக் காட்டுக்கா போய்விட்டான் என்று கேட்டு, யோகநாதனின் தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சுவரில் இரண்டுமுறை அடித்தார். இரண்டு பல் என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தன. அடுத்தது ஜெகதீஸ்வரி என்றார்.

ஐந்தாவது ஆளும் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மூடியைக் காட்டினேன். பட்டியல் சரிதான், ஐயா. அன்றைக்கும் தாளும் தலையும் ஒத்துவந்தன. மூடி திறந்தபோது சரோஜினி என்னைப் பார்த்த பார்வையை மட்டும் எந்தப் பகுதியில் போடுவதென்று தெரியவில்லை.

நீங்கள் சிங்களத்தில் எழுதியதை வாசித்துவிட்டேன். அரசாங்க ஊழியருக்கான சிங்களச் சோதனையை அறுபத்துமூன்றில் முதல்தரத்திலேயே பாஸ் பண்ணியவன் நான். அடிகளின் எண்ணிக்கை சரி, கிணறு சரி, நேரம் சரி. கையெழுத்து எங்கே வைப்பதென்றும் தெரியும்.

ஒரேயொரு இடம். மூன்றாம் வரியில், இறந்தவர் என் வாடகைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என் மச்சான். அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் நான் இவ்வளவும் பட்டேன். அதை மட்டும் திருத்தித் தாருங்கள். அவசரமில்லை, அடுத்த கிழமை என்றாலும் காத்திருக்கிறேன்.