பட்டையில் இருந்த நம்பர்

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஆடும். இதுல உக்காரு. சரி பண்றேன் சரி பண்றேன்னு ஆறு மாசமா சொல்லிட்டே இருந்தாரு. அது கெடக்கட்டும். அவரு கையில இருந்து கழட்டின பட்டையக் கொடு. இதக் கொடுக்கவா இவ்வளவு தூரம் வந்த? பேப்பர்காரர்கிட்ட கொடுத்திருந்தா அவரே கொண்டாந்து போட்டிருப்பாரு. இல்ல, வந்தது நல்லதுதான். நானே உன்னப் பாக்கணும்னுதான் இருந்தேன். அவரு மைதானத்துல விழுந்தப்ப பக்கத்துல ஓடிட்டு இருந்தது நீதானே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தரையிலயே உக்காந்திருந்தியாமே. பதினேழு நாளாச்சு.

எம் பையன் அப்புறம் மைதானத்துக்கே வந்து உன்கிட்ட கத்தினானாமே? பத்து நம்பர ஒழுங்கா அடிக்கத் தெரியாதான்னு கேட்டானாம். மனசுல வச்சுக்காத. அப்பா போன கோவத்த யார் மேலயாச்சும் கொட்டணும் அவனுக்கு. பாவம், நீ அகப்பட்ட. தூக்கமே இல்லையா உனக்கு? கண்ணப் பாத்தாலே தெரியுது. ஒன்னா ஏழான்னு கொழம்பிட்டேனோன்னு நெனக்கிறியா? உன் போன்ல பாத்தா தெரியுமே. ஓ, யார்கிட்டயோ கேட்டு வாங்கின போனா. ஓடறப்ப நீ போன் எடுத்துட்டுப் போறதில்லையா. சரி, சரி. அந்த ஆளும் அப்பவே போயிட்டாரு, யாருன்னும் தெரியாது. இரு, அதப் பத்தித்தான் சொல்லப் போறேன். பையன் கடைக்குப் போயிருக்கான், வர அரை மணி ஆகும்.

பட்டையில பேரப் பாத்தல்ல? பொம்பள பேரா இருக்குல்ல. அது நான்தான். போன வருஷம் நடந்துட்டு இருக்கும்போதே அவருக்குத் தல சுத்தி, வேலியப் புடிச்சுட்டு நின்னிருக்காரு. மறு வாரமே பையன் ஆளுக்கொரு பட்டை செய்யச் சொல்லி வாங்கிட்டு வந்துட்டான். ரப்பர் பட்டை, நடுவுல தகடு. பேரு, ரத்த குரூப்பு, என்ன வியாதி, யாருக்குக் கூப்பிடணும், எல்லாம் அதுல. அவரு பட்டையில என் நம்பரு, என் பட்டையில அவரு நம்பரு. வேற வேற கலரா வாங்கறேன்னுதான் அவன் சொன்னான். நான்தான் ஒரே கலரா இருக்கட்டும்னேன். அறுபது வயசுல ஜோடியா மாட்டிக்கணும்னு ஒரு ஆசை. சிரிக்கலாம்மா, பரவால்ல. அவரும் சிரிச்சாரு.

ஆனா கட்ட மாட்டாரு. நான் என்ன ஆஸ்பத்திரில இன்னைக்குப் பொறந்த கொழந்தையா, கையில பேரு கட்டி விடறதுக்குன்னு கேப்பாரு. தெனமும் இதே பாட்டு. அன்னைக்கு நான் கதவுக்குக் குறுக்கயே நின்னுட்டேன். பட்டை இல்லாம வெளிய போகக் கூடாதுன்னேன். ஆணியில ரெண்டு தொங்குது, கைக்கு வந்தத உருவிக் கட்டிக்கிட்டு, கதவ டமார்னு சாத்திட்டுப் போனாரு. கைக்கு வந்தது என்னோடது.

புரியுதா? அதுல இருந்தது அவரு நம்பரு. விழுந்து கெடக்கறவருக்கே நீ போன் போட்டிருக்க. அந்தப் போனும் இங்க, அந்த மேஜை மேல சார்ஜ்ல கெடந்துது.

ஆஸ்பத்திரியிலயும் என் பேரத்தான் எழுதியிருக்காங்க. நீதானே பேர வாசிச்சுச் சொன்ன? ஒன்னும் தப்பில்ல, பட்டையில இருந்தத வாசிச்ச. அந்த அவசரத்துல, ஆம்பளைக்கு இது பொம்பள பேராச்சேன்னு யாரும் பாக்கல. பேரு, குரூப்பு, சர்க்கரை, எல்லாம் என்னோடது. அரை மணி நேரம் நான்தான் அங்க செத்துக்கிட்டு இருந்திருக்கேன். பேப்பர்காரர் விஷயம் கேள்விப்பட்டு அங்க போய் இவரு இன்னாருன்னு சொன்னப்புறம் அடிச்சுத் திருத்தினாங்க. அவருதான் எனக்கும் வந்து சொன்னாரு. நான் போய்ச் சேரும்போது ஒம்பது மணி. முடிஞ்சுடுச்சுன்னு சொன்னாங்க. எல்லாரும் என் மொகத்தையே பாத்துட்டு இருந்தாங்க, இவ எப்ப அழுவான்னு. எனக்கு ஒன்னுமே தோணல. செருப்ப ஜோடி மாத்திப் போட்டுட்டு வந்திருந்தேன், அதையே பாத்துட்டு நின்னேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு. பசிக்குது, சாப்பிடறேன். தூக்கம் வருது, தூங்கறேன். எம் மருமக பயப்படறா.

முழிச்சுட்டு இருந்தாரா? டாக்டர் அத சொல்லலயே. பேச முடியல, வாய் கோணிடுச்சு, சரி. கண்ணால போனையே பாத்தாரா? அதனால அவரு காதுல வச்சியா. யாராச்சும் எடுத்தா அவங்க கொரலாவது கேக்கட்டும்னு. நல்ல மனசு உனக்கு. எத்தன தடவ கூப்பிட்ட? நாலு. நாலு தடவையும் காதுல வச்சியா? கடைசி தடவ மட்டுமா. இல்ல, சும்மாத்தான் கேட்டேன். தண்ணி குடி.

போன மறந்துட்டுப் போறது அவருக்குப் புதுசில்ல. பாதி வழியில பாக்கெட்டத் தொட்டுப் பாப்பாரு, இருக்காது. நடக்க வந்தவங்க யார்கிட்டயாச்சும் ஒரு போன வாங்கித் தன் நம்பருக்கே அடிப்பாரு. வீட்டுல இருக்கா, எங்கயாச்சும் தொலச்சுட்டேனான்னு தெரியணும். நான் எடுத்து, இங்கதான் இருக்குன்னு சொன்னாத்தான் அவருக்கு உயிர் வரும். வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் இது நடக்கும்.

அன்னைக்கும் அடிச்சுது. தெரியாத நம்பரு. இவருதான்னு நெனச்சேன். நான் இங்க உக்காந்து துணி மடிச்சுட்டு இருந்தேன், கைய நீட்டினா எட்டும். கதவ டமார்னு சாத்திட்டுப் போனீரே, கொஞ்சம் தவிச்சுட்டு வாரும்னு விட்டேன். அவ்வளவுதான், வேற ஒன்னும் நெனக்கல.

பையன் கேட்டப்ப, போனே அடிக்கலடா, அந்தப் பொண்ணு தப்பா அடிச்சிருக்கும்னு சொன்னேன். போன்ல இருந்ததையும் அவன் வர்றதுக்குள்ள அழிச்சேன். அவன் உன்கிட்ட வந்து கத்தினது அதனாலதான். ஒரு நம்பரையும் நீ மாத்தி அடிக்கலம்மா, போய் நல்லாத் தூங்கு. மூணு தடவ முழுசா அடிச்சு ஓஞ்சுது. நாலாவது தடவ அது பாட்டுக்கு நிக்கல, நான்தான் கட் பண்ணினேன்.